சட்டம் கேளுங்கள்: கையெழுத்துக்கும் கெடு உண்டு

வீடு வாங்கும்போது கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டிய ஆவணங்களைப் பற்றியும் அவற்றுக்கான காலக்கெடுவைப் பற்றியும் வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் விடை தருகிறோம். முதல் கடிதம் வெளிநாட்டில் உறவினரை வைத்துக்கொண்டு சொந்த ஊரில் வீடு வாங்கும் பலருக்கும் பொருந்துவது என்பதால், அதற்குச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: சென்னை பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியில் கட்டப்பட்டுவரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் பெயரிலும், ஷார்ஜாவில் பணிபுரியும் என் கணவர் பெயரிலும் ஒரு வீட்டை முன்பதிவு செய்திருக்கிறோம். மொத்த விலை 68 லட்சம் ரூபாய். இதுவரை 2 லட்சம் செலுத்தியுள்ளோம். கட்டுமான நிறுவனம் விற்பனை ஒப்பந்தத்தை முதலில் மின்னஞ்சலிலும், மூன்று நாள் கழித்துக் கூரியரிலும் அனுப்பியது. முப்பது நாட்களுக்குள் இருவரும் கையெழுத்திட்டு, விலையில் 20 சதவீதத் தொகையோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்றும், தவறினால் முன்பதிவு ரத்தாகிப் பணம் திரும்பாது என்றும் தொலைபேசியில் சொல்கிறார்கள். பதினொரு நாட்கள் ஓடிவிட்டன. எங்கள் வழக்கறிஞர் இன்னும் படித்து முடிக்கவில்லை. கணவருக்கு இரண்டு மாதம் கழித்தே விடுப்பு. வீடு கைநழுவிப் போகாமல் இருக்க, இப்போதைக்குக் கையெழுத்திட்டு அனுப்பிவிடலாமா?
— வாசகி ஒருவர், ஸ்ரீரங்கம்

பதில்: படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். அதே சமயம், படித்து முடிக்கும்வரை பேசாமலும் இருந்துவிட வேண்டாம். இந்த இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. ஆவணத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நாட்களை நகர்த்திவிட்டு, கெடு முடிந்தபிறகு காரணம் சொல்லும்போது, நம் கவனம் எதிர்த் தரப்புக்கு அலட்சியமாகவே தோன்றுகிறது.

உங்களிடம் சொல்லப்பட்ட முப்பது நாள் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விற்பனை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்பந்தம் வாங்குபவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் அவர் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். நிறுவனம் தெரிவிக்கும் நாளில் சார்பதிவாளர் முன்பு வந்து பதிவு செய்துதர வேண்டும். தவறினால், குறையைச் சரிசெய்யும்படி நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மேலும் முப்பது நாட்கள் கடந்தும் சரிசெய்யாவிட்டால்தான் விண்ணப்பம் ரத்தானதாகக் கருதப்படும். அப்போதும் முன்பதிவுத் தொகை உட்படச் செலுத்திய பணம் முழுவதையும், வட்டியும் இழப்பீடும் இல்லாமல், திருப்பித் தர வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் வாசகம். உங்களிடம் தொலைபேசியில் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மாநில அரசு விதித்த படிவத்தில்தான் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்வதால், உங்களுக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டு விதிகளில் உள்ள படிவத்தையும் அருகருகே வைத்து, கெடுவையும் ரத்தையும் பற்றிய பகுதிகளை முதலில் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வழக்கறிஞரைக் கேளுங்கள். முன்பதிவு விண்ணப்பத்தில் நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்ட நிபந்தனைகளையும் அவரிடம் கொடுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இருபது சதவீதம் என்பது இன்னும் முக்கியமான செய்தி. அதே 13-ஆவது பிரிவின்படி, எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தம் செய்து அதைப் பதிவு செய்வதற்கு முன்னால், வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கவே கூடாது. உங்கள் வீட்டுக்கு அந்த உச்சவரம்பு 6 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஏற்கெனவே கொடுத்த 2 லட்சத்தைக் கழித்தால், பதிவுக்கு முன் 4 லட்சத்து 80 ஆயிரம் வரைதான் அவர்கள் கேட்கலாம். 13 லட்சத்து 60 ஆயிரம் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. அந்த நிபந்தனையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அதுவே உங்களுக்கு ஒரு பதில். தந்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடுவதற்கு அது ஆதாரமாகும்.

இனி நாள் கணக்கு. மின்னஞ்சல் வந்த நாளா, கூரியர் வந்த நாளா, எதிலிருந்து எண்ணுவது என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். முந்தைய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்காக வழக்காட வேண்டிய நிலை வராது. ஆனால் கூரியர் உறையைத் தூக்கி எறியாமல், கிடைத்த தேதியை அதன்மீது எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

இன்றே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போகட்டும். ஒப்பந்தம் கிடைத்த தேதி, அது வழக்கறிஞரின் பார்வையில் இருப்பது, வாங்குபவர்களில் ஒருவர் ஷார்ஜாவில் இருப்பதால் இந்தியத் தூதரக அதிகாரி முன்பு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி அனுப்ப வேண்டியிருப்பது, அதற்குத் தேவைப்படும் அவகாசம் எந்தத் தேதி வரை என்பது ஆகிய நான்கையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ‘சிறிது அவகாசம் வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. இன்ன தேதிக்குள் முடித்துத் தருகிறோம் என்று தேதியைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் தகவல் தொடர்புக்கு என்று குறிக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கும், ஒப்படைத்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். கால நீட்டிப்பைத் தொலைபேசியில் ஒப்புக்கொண்டால், அன்றே ‘தாங்கள் இன்று தொலைபேசியில் ஒப்புக்கொண்டபடி’ என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள். விற்பனைப் பிரிவில் இன்று உங்களோடு பேசுபவர் ஆறு மாதம் கழித்து அந்த நிறுவனத்தில் இல்லாமல்கூடப் போகலாம். அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை அப்போது யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கணவரின் கையெழுத்துக்கு வருவோம். ஒப்பந்தத் தாள்களைக் கூரியரில் ஷார்ஜாவுக்கு அனுப்பி, அவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்துக்கான விற்பனை உடன்படிக்கையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கையெழுத்திட்டவரோ, அவருடைய முறையான முகவரோ சார்பதிவாளர் முன்பு வர வேண்டும். ஆகவே அவர் வரமுடியாத நிலையில் உங்கள் பெயருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் எழுதித் தருவதே வழி. வெளிநாட்டில் வசிப்பவர் எழுதும் அதிகாரப் பத்திரம் இந்தியத் தூதரக அதிகாரி, நோட்டரி, நீதிபதி போன்றோர் முன்பு கையெழுத்தாகி அவர்களால் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு. ஷார்ஜாவில் இருப்பவருக்குத் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான் நேரான வழி. வீட்டிலேயே கையெழுத்திட்டுவிட்டுத் தாளை எடுத்துச் செல்லக் கூடாது. அதிகாரியின் முன்புதான் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி நாள் வாங்கி, மறுபடி விடுப்பெடுத்துப் போனவர்கள் நிறைய.

அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்ததும் இன்னொரு கெடு தொடங்குகிறது. வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆவணம் முதன்முதலாக இந்தியாவில் பெறப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரத்தைக் கொடுத்து இதை முடிக்க வேண்டும். எந்த நாளில் வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்று கேட்பார்கள் என்பதால், இங்கும் கூரியர் உறையும் ஒப்படைப்புச் சீட்டும் உங்களுக்குத் துணை. மூன்று மாதம் தாராளமாக இருக்கிறதே என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் கட்டுமான நிறுவனத்தின் முப்பது நாள் அதைவிட முன்னால் வந்து நிற்கிறது.

அதிகாரப் பத்திரத்தின் வாசகத்திலும் கவனம் வேண்டும். இந்த வீட்டின் சொத்து விவரத்தைக் குறிப்பிட்டு, இந்த வாங்குதலுக்கான ஒப்பந்தங்களில் கையெழுத்திடவும், பதிவுக்கு ஆஜராகவும், கிரையப் பத்திரத்தை ஏற்கவும், வங்கிக் கடன் எடுப்பதானால் அதற்கான ஆவணங்களில் கையெழுத்திடவும் அதிகாரம் தந்தால் போதுமானது. கடனுக்கான வாசகத்தை வங்கியிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. வங்கிகள் தங்கள் வாசகம் இல்லையென்று சொல்லித் திருப்பினால், துபாயிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவசரத்துக்காகக் கணவர் பெயரை நீக்கிவிட்டு உங்கள் பெயரில் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள். பிறகு சேர்ப்பதற்குத் தனிப் பத்திரமும் தனிச் செலவும் ஆகும். பணம் போடுகிறவர் பெயர் ஆவணத்தில் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

கையெழுத்திடும் நாளில், வீட்டின் உள்பரப்பு, பிரிபடாத நிலப் பங்கு, ஒப்படைக்கும் தேதி ஆகியவை நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். பின்னிணைப்புகளில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்குவது எந்த நிறுவனமாக இருந்தாலும் ஏற்கத்தக்கதல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம், கையெழுத்திட்ட உண்மையான தேதி ஆகியவை இருக்க வேண்டும். முன்தேதி இட வேண்டாம். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். விருதுநகரில் ஒரு வீட்டை 32 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடுவுடன் உடன்படிக்கை பதிவு செய்தேன். வங்கிக் கடன் தாமதமானது. விற்பவரிடம் சொன்னபோது ‘பரவாயில்லை சார், மெதுவாக முடித்துக்கொள்ளலாம்’ என்றார். கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது கடன் அனுமதியாகிவிட்டது. ஆனால் அவர் பிடிகொடுக்காமல் பேசுகிறார். உடன்படிக்கைக்கு மூன்று வருடம் உயிர் உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் காத்திருக்கலாமா?
— வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் சொல்லும் மூன்று வருடம் என்பது வழக்குத் தொடுப்பதற்கான வரையறை. காலவரையறைச் சட்டத்தின் 54-ஆவது இனத்தின்படி, உடன்படிக்கையில் குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கிரையம் செய்து தரக் கோரி வழக்குப் போடலாம். அந்த மூன்று ஆண்டும் சும்மா இருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

அசையாச் சொத்து விற்பனையில் காலக்கெடு பொதுவாக உடன்படிக்கையின் உயிர்நிலையாக, அதாவது தவறினாலே உடன்படிக்கை முறிந்துவிடும் அளவுக்கு முக்கியமானதாக, கருதப்படாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1992-இல் உறுதிசெய்தது. ஆனால் வாசகங்களும் சூழ்நிலையும் வேறுவிதமாகக் காட்டினால் அப்படிக் கொள்ளலாம் என்றும் கூறியது. 1997-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்த மதுரை வீட்டு வழக்கு உங்கள் நிலைமையோடு நெருங்கியது. 60,000 ரூபாய் விலை, 5,000 ரூபாய் முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்க வேண்டியவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு அறிவிப்பு அனுப்பி வழக்குப் போட்டார். காலவரையறைக்குள்தான் வந்தார். ஆயினும், அந்த நெடிய மௌனத்தையும் இடையில் வீட்டு விலை பல மடங்கு ஏறியதையும் கருதி, கிரையம் செய்து தரும்படி உத்தரவிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்குகளுக்கான குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 2018 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய நிவாரணத்தை மறுப்பதில் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த விருப்புரிமை குறைந்திருக்கிறது என்றாலும், வாங்குபவர் தொடக்கம் முதலே தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டிய கடமை குறையவில்லை.

உங்களிடம் வாய்மொழி ஒப்புதல் மட்டுமே இருக்கிறது. கெடு முடிவதற்கு முன்பே அதை எழுத்தாக்கி, பழைய உடன்படிக்கையைப் போலவே பதிவும் செய்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. இப்போதும் வழி இருக்கிறது. மீதித் தொகை 29 லட்சமும் தயாராக இருப்பதைச் சொல்லி, வங்கியின் அனுமதிக் கடித நகலை இணைத்து, இன்ன நாளில் இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரையம் செய்து தரும்படி வழக்கறிஞர் மூலம் இந்த வாரமே அறிவிப்பு அனுப்புங்கள். அந்த நாளில் நீங்கள் அலுவலகத்துக்குப் போயும் இருக்க வேண்டும். விற்பவர் ‘மெதுவாக முடிக்கலாம்’ என்று சொன்னதற்குக் குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள். கைபேசி மாற்றும்போது இவை போய்விடுகின்றன. கடன் அனுமதிக் கடிதத்துக்கும் ஒரு காலாவதித் தேதி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விற்பவர் மனம் இளகிக் கெடுவை நீட்டிக்க முன்வந்தால், நீட்டிப்பு ஆவணத்தில் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பிறகே நிம்மதியாக இருங்கள். மறுத்தால், கிரையம் கோரும் வழக்கிலேயே மாற்று நிவாரணமாக முன்பணத்தைத் திருப்பித் தரவும் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால் நீதிமன்றம் தானாகத் தருவதில்லை. முன்பணத்தை அவர் பறிமுதல் செய்ய முடியுமா என்பது, அது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான ஈடாகக் கொடுக்கப்பட்டதா, விலையின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்டதா என்ற உடன்படிக்கை வாசகத்தைப் பொறுத்தது.

கேள்வி: நான்கு உடன்பிறப்புகளிடமிருந்து அவர்களது பூர்விக வீட்டை 40 லட்சத்துக்கு வாங்குகிறோம். கிரையப் பத்திரத்தில் மூவர் மார்ச் 12 அன்று கையெழுத்திட்டார்கள். பெங்களூருவில் இருக்கும் நான்காமவர் ஜூன் மாதம்தான் கையெழுத்திட்டார். பதிவுக்கு அவர் வரும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. நான்கு மாதம் தாண்டினால் தேதியைத் திருத்திக்கொள்ளலாம் என்கிறார் எழுதிக் கொடுத்தவர்.
— வாசகர் ஒருவர், சேலம்

பதில்: தேதியைத் திருத்தவே கூடாது. ஒரு தேதியைத் திருத்தியதால் பத்திரம் முழுவதன்மீதும் சந்தேகம் விழும். அதை வைத்து நாளை நீங்கள் கடன் வாங்கவோ விற்கவோ போகும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், எழுதிக் கொடுத்தவர் அல்ல.

பதிவுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மாதம் என்பது ஆங்கில நாட்காட்டி மாதம். 120 நாள் என்று எண்ண வேண்டாம். பலர் வெவ்வேறு நாளில் கையெழுத்திட்டிருந்தால், ஒவ்வொரு கையெழுத்தின் தேதியிலிருந்தும் நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய 24-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே முதல் மூவரைப் பொறுத்தவரை ஜூலை 12 உங்கள் எல்லை. நான்காமவருக்காகக் காத்திருந்து அந்த நாளைத் தவற விடாதீர்கள். மூவரையும் அழைத்துச் சென்று தாக்கல் செய்துவிடுங்கள். ஒருவர் வரத் தாமதமானால் என்ன செய்வது என்பதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வர மறுத்தால் அழைப்பாணை பிறப்பிக்கவும் கேட்கலாம்.

தவிர்க்க முடியாத காரணத்தால் நான்கு மாதம் கடந்துவிட்டால், மேலும் நான்கு மாதம் வரை, பதிவுக் கட்டணத்தின் பத்து மடங்கு வரையிலான அபராதத்தோடு ஏற்கும்படி மாவட்டப் பதிவாளருக்குச் சார்பதிவாளர் வழியாக விண்ணப்பிக்கலாம். கிரையத்துக்கான பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்னும்போது, 40 லட்சத்துக்கு அது 80,000 ரூபாய். அபராதத்தின் உச்சவரம்பு 8 லட்சம். அவ்வளவும் விதிப்பார்கள் என்பதில்லை. ஆனாலும், பெங்களூருவிலிருந்து ஒருவரை அழைத்து வர உங்கள் செலவிலேயே வண்டி வைப்பது இதைவிட எவ்வளவோ மலிவு. எட்டு மாதமும் கடந்துவிட்டால், நால்வரும் புதிய தேதியிட்டுப் புதிய பத்திரத்தில் மறுபடி கையெழுத்திட்டுத் தருவதுதான் நேர்மையான வழி. பதிவு முடியும்வரை உரிமை உங்களுக்கு மாறவில்லை என்பதால், நான்காமவரின் பங்குத் தொகையைப் பதிவு நாளில் வங்கி வரைவோலையாகக் கொடுங்கள்.

கேள்வி: விற்பனை உடன்படிக்கைக்காக வாங்கிய முத்திரைத்தாள் எட்டு மாதமாக என்னிடம் இருக்கிறது. ஆறு மாதம் கடந்தால் செல்லாது என்கிறார்களே?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: செல்லும். ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத முத்திரைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு. முத்திரைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு சொல்வது அவ்வளவே. 1973-லும் 1978-லும் வாங்கிய தாள்களில் 1980-இல் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை குறித்த தமிழ்நாட்டு வழக்கில், பழைய தாள் என்பதாலேயே ஆவணம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியது. ஆனால் ஆவணம் உண்மையானதா என்ற தகராறு வரும்போது பழைய தாள் ஒரு சந்தேகக் காரணமாகக் கருதப்படலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பே சொல்கிறது. ஆகவே தாள் வாங்கிய தேதி எதுவாயினும், கையெழுத்திடும் தேதியை உள்ளபடியே எழுதுங்கள்.